சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்

ஒரே ஒரு ஆறாம். அதற்கு இரண்டு கரையாம். இந்தக் கரைக்காரன் பிடித்த மீனை அந்தக் கரைக்காரன் தொடமாட்டானாம். பன்னிரண்டு வருஷமாய் வெட்டும் குத்துமாய்க் கிடந்த இடம் அது.

தென்கரையில் கொற்றன் என்று ஒருத்தன். அவன்தான் இரண்டு கரை இளவட்டங்களையும் ஆற்று நடுவில் இருந்த மணல்திட்டுக்கு அழைத்துவந்து, அமாவாசைதோறும் உட்காரவைத்துப் பேசவைத்தான். அந்தத் திட்டில் தனியாகக் குடில் போட்டிருந்த ஐயைதான் அவனுக்குக் குரு. வயதில் இரண்டே வருஷம் மூத்தவள்.

ஒருநாள் கொற்றன் முகம் தொங்கிப்போய் வந்தான்.

“இனி அமாவாசைக்கு வடகரையிலிருந்து ஒருத்தரும் வரமாட்டாங்களாம், அக்கா.”

“ஏன்?”

“வேழனோட அம்மா தவறிட்டாங்க. நாங்க தென்கரைப் பசங்க ஏழு பேரும் அக்கரைக்குப் போனோம். கூட உட்கார்ந்து அழுதோம். எழுந்து வந்துட்டோம்.”

“எப்படி வந்தீங்க?”

“எப்படின்னா? சாவு வீடாச்சே. சொல்லிக்காமத்தான் வந்தோம். திரும்பிக்கூடப் பார்க்கல. அதுதான் தப்பாம். அவங்க ஊர்ல ‘போய்ட்டு வரேன்’னு வாய்விட்டுச் சொல்லணுமாம். சொல்லாமப் போனா, உன் வீட்டுப் படியை இனி மிதிக்கமாட்டேன்னு அர்த்தமாம். ‘துக்கத்துக்கு வந்தீங்களா, வேடிக்கை பார்க்க வந்தீங்களா’ன்னு ஆள்விட்டுக் கேட்டிருக்கான் வேழன்.”

“நீ என்ன செய்யப்போற?”

“போய் எங்க வழக்கத்தை எடுத்துச் சொல்லப்போறேன். எங்க மேல தப்பில்லைன்னு அவனுக்குப் புரியணும்.”

ஐயை ஓடத்தை அவிழ்த்தாள். “அது புரிஞ்சா அவன் துக்கம் ஆறுமா?”

கொற்றன் துடுப்பை வாங்கிக்கொண்டான்.

வடகரையில் ஐயை தெருவிலேயே நின்றுகொண்டாள். கொற்றன் மட்டும் உள்ளே போனான். வேழன் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மூலையில் அவன் அப்பா சுருண்டு படுத்திருந்தார். கொண்டுபோன நியாயம் ஒன்றும் கொற்றன் வாய்க்கு வரவில்லை. பொழுது சாயும்வரை வேழன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

கிளம்பும்போது வாசற்படியில் நின்றான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நின்றான். வாய் திறந்தது. சொல் வரவில்லை. கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“என்னடா நிக்கிற? போன தடவை போகத் தெரிஞ்சுதே,” என்றான் வேழன்.

“சொல்லத்தாண்டா பார்க்கறேன். எங்க ஊர்ல சாவு வீட்ல அதைச் சொன்னா இன்னொரு சாவு வரும்பாங்க. உங்க அப்பா படுத்திருக்கார். எனக்குப் பயமா இருக்கு.”

வேழன் அப்பாவைப் பார்த்தான். கொற்றனின் கையைப் பார்த்தான்.

“அப்போ அன்னைக்கு... எங்களுக்காகவா சொல்லாமப் போனீங்க?”

கொற்றன் ஆமென்று தலையசைத்தான்.

“சரி. சொல்ல வேணாம். இப்படியே போ.”

“சொல்லாமப் போனா உனக்கு வலிக்குமே.”

“வலிக்கட்டும். நீ பயந்துக்கிட்டே வீடு போய்ச் சேரணுமா?”

கொற்றன் தெருப் பக்கம் திரும்பினான். “அக்கா, நான் சொல்லணுமா, வேணாமா? இவன் விடமாட்டேங்கிறான்.”

ஐயை துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“பன்னிரண்டு வருஷத்துல இந்த மாதிரி ஒரு சண்டை இங்க நடந்ததில்ல. நல்லா நடக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு ஆற்றை நோக்கி நடந்தாள்.