ஏரிக் காவலன் நடுங்கிய கதை

குன்றுகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலம் அது, கேளுங்கள். மருதங்காடு என்ற நாட்டை ஏறுமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் அல்ல. ஆனால் தானே வகுத்த ஒரு விதியைப் பெரிதும் நம்பினான். பொய் சொல்பவனுக்கு மூச்சு வாங்கும். பொய் சொல்பவனுக்கு வேர்க்கும். பொய் சொல்பவன் உடம்பு நடுங்கும். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் போதும், மேற்கொண்டு விசாரிக்காமல் சிறைக்கு அனுப்பிவிடுவான்.

ஒரு மழைக்காலத்தில் பெரிய ஏரியின் காவலன் கொற்றன் சபைக்குள் ஓடிவந்தான். வழியில் ஆற்றை நீந்திக் கடந்திருந்தான். ஈரத்துணியோடு நடுங்கினான். மூச்சு இரைத்தது.

"அரசே, ஏரிக்கரை விரிசல் விட்டிருக்கிறது. இன்று மாலைக்குள் அடைக்காவிட்டால் கீழே இருக்கும் மூன்று ஊர்களும் வெள்ளத்தில் போய்விடும். ஆட்களை அனுப்புங்கள்."

"மூன்றில் இரண்டு அடையாளம் உன்னிடம் இருக்கிறது" என்றான் அரசன். "என் ஆட்களைக் கோட்டையிலிருந்து வெளியேற்ற எதிரிகள் யாரோ உன்னை அனுப்பியிருக்கிறார்கள்."

கொற்றனின் மனைவியும் கைக்குழந்தையும் அந்த மூன்றில் முதல் ஊரில் இருந்தார்கள். அதைச் சொன்னான். சொல்லும்போது குளிரில் பற்கள் கிடுகிடுத்தன. அதையும் பொய்யென்றே அரசன் எடுத்துக்கொண்டான். காவலர்கள் கொற்றனைப் பிடித்தார்கள்.

அரண்மனை மனிதர்களுக்கும் குதிரைகளுக்கும் மருந்து கொடுத்துவந்த வெண்ணி என்ற மருத்துவச்சி எழுந்தாள்.

"காவல் கோபுரத்து உச்சியிலிருந்து ஏரி தெரியும், அரசே. நீங்களே ஏறிப் பாருங்கள். இவன் சொன்னது பொய்யென்றால் என்னையும் இவனோடு சிறையில் அடையுங்கள்."

அரசன் ஏறினான். அவளும் பின்னால் ஏறினாள். சாளரமில்லாத முந்நூறு படிகள். நூறாவது படியில் அரசனுக்கு மூச்சு வாங்கியது. இருநூறாவது படியில் வேர்வை வழிந்தது. உச்சியில் மழைக்காற்று அடித்தது. சிறிது நேரத்தில் உடம்பு நடுங்கியது.

"என்னிடம் ஏதாவது பொய் சொல்லப்போகிறீர்களா?" என்று வெண்ணி கேட்டாள்.

அரசன் மேலாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"படி ஏறிய உடம்புக்குக் காற்று அதிகம் தேவைப்பட்டது, மூச்சு வாங்கியது. உள்ளே சூடு ஏறியது, அதை இறக்க வேர்த்தது. இப்போது சூடு போகிறது, அதை மீட்க நடுங்குகிறது. உங்கள் குதிரைக்கும் இப்படித்தான். வெளியே எது மாறினாலும் உள்ளே மாறாமல் வைத்திருக்க உடம்பு பாடுபடுகிறது. அவனுடைய உடம்பும் அதைத்தான் செய்தது."

அரசன் ஏரியைப் பார்த்தான். கரையின் நடுவே பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்தது.

கொற்றனை விடுவிக்கச் சொல்லி, ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினான். நானூறு பேர் மண்மூட்டைகளோடு போனார்கள். ஊர்க்காரர்களை மேட்டுக்கு ஏற்றினார்கள். இருட்டுவதற்குள் விரிசலை அடைத்தார்கள். வீணாய்ப் போன நேரத்தில் ஏழு வீடுகள் இடிந்தன, ஒரு ஊரின் வயல் முழுதும் முங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. மேட்டில் கொற்றன் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்தான். அதன் நடுக்கம் நிற்கும்வரை இறக்கவில்லை.

மறுநாள் அரசன் சிறைக்குப் போனான். தன் விதியால் அடைபட்ட எல்லோரையும் மறுபடி விசாரித்தான். பதினொரு பேர் குற்றமற்றவர்கள் என்று கண்டு விடுவித்தான். இன்னும் ஒருவனும் குற்றமற்றவன்தான். அவன் சிறையிலேயே இறந்திருந்தான். அவன் வீட்டுக்கு அரசன் தனியாக நடந்து போனான்.

கேட்டவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது இதுதான்: மூச்சிரைப்பும் வேர்வையும் நடுக்கமும் உயிரைக் காக்க உடம்பு செய்யும் வேலை, அவற்றைக் கொண்டு யாருடைய நேர்மையையும் அளக்கக் கூடாது.