வாசலில் படித்த மடல்

"இதுல எதத்தான் மேடம் விட்டுவைப்பீங்க?"

திருமேனி கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் நூற்பட்டியல் தயாரிக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார் அவர். மாதம் ஒரு முறை வெளிவரும் 'நூலக மடல்' என்ற ஒற்றைத் தாளை எழுதுவதும் அவர்தான்.

நூலகர் ரஹ்மத் நிஷா வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. திருமேனியைவிட நான்கு வயது இளையவர். முதல் நாளிலிருந்தே திருமேனி அவரிடம் ஏதாவது சந்தேகம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏனென்று திருமேனிக்கே தெரியாது.

இந்த மாத மடலில் நான்கு செய்திகள்.

துணைவேந்தர் மின்னிதழ்ச் சேவையைத் தொடங்கிவைத்தார். உதவி நூலகருக்குப் பதவி உயர்வு. பைண்டிங் பிரிவு குருவம்மாள் பணி ஓய்வு. ஊழியர் இருவர் பயிற்சி முகாமுக்குப் போய்வந்தனர்.

நான்கின் மேலும் நூலகர் போட்ட சிவப்புக் கோடு.

திருமேனி மூன்றாவது முறையாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். மூன்று முறையும் கோடு.

"குருவம்மாள் முப்பது வருஷம் உழைச்சவங்க மேடம்."

"அவங்களுக்கு விழா எடுப்போம். எல்லாரும் போவோம். மடல் யாருக்கு?"

"படிக்கிறவங்களுக்கு."

"படிக்கிறாங்களா?"

திருமேனி தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"எது செய்தின்னு நீங்களே சொல்லிடுங்க மேடம். அத எழுதிட்டுப் போறேன்."

ரஹ்மத் நிஷா அந்தத் தாளை நான்காக மடித்தார். எழுந்து வந்து, அதைத் திருமேனியின் சட்டைப் பையில் வைத்தார்.

"நாளைக்குக் காலையில முன்வாசல்ல நின்னு இதப் படிங்க. வர்றவங்க காதுல விழுற மாதிரி."

"சத்தமாவா?"

"சத்தமா."

*

வீட்டில் மனைவி சிரித்தாள். லீவு போட்டுவிடுங்கள் என்றாள்.

திருமேனி லீவு போடவில்லை. சொன்னதைச் செய்துவிட்டு, இதில் ஒன்றும் இல்லை என்று நூலகர் அம்மாளின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அந்த முடிவோடு மறுநாள் ஒன்பதரைக்கு முன்வாசலில் போய் நின்றார்.

படித்தார்.

இரண்டு மாணவர்கள் காதில் ஒயரோடு கடந்து போனார்கள். ஒரு பேராசிரியர் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒரு மாணவி மட்டும் நின்று நான்கையும் கேட்டாள்.

"அதனால என்ன சார்?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். அவர் யோசிப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். படிக்கட்டின் கீழே, வெயிலில், ஒரு பெண் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் மஞ்சள் பை.

முடியும்வரை காத்திருந்து கேட்டாள்.

"எங்கள மாதிரி ஆளுங்கள உள்ள விடுவாங்களான்னு அதுல போட்டிருக்காங்களா ஐயா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"இது மூணாவது தடவ வர்றேன்."

அவள் பெயர் செண்பகவல்லி. ஊர் வேம்பனேரி, அங்கிருந்து இரண்டு பஸ். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறாள். கொடி அடியிலிருந்து வாடிக்கொண்டே வருகிறது. தெற்குப் பக்கம் முழுக்கப் போய்விட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து, அவர்கள் கொடிக்காலிலேயே ஒரு வருடம் சுற்றி, இந்த வாடலைப் பற்றி எழுதிக்கொண்டு போனாள்.

"எழுதினது இங்கதான் இருக்குன்னு வேளாண்மை ஆபீசுல சொன்னாங்க. அதப் பாக்கணும். அவ்வளவுதான்."

திருமேனி வாயிற்காவலர் சூசையைப் பார்த்தார்.

"கார்டு இல்லாதவங்கள விடக்கூடாது சார். உத்தரவு."

"யாரு போட்ட உத்தரவு?"

"நீங்கதான் சார்."

சூசை தன் கூண்டுக்குள் கையைக் காட்டினார். சுவரில் பழுத்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய நூலக மடல். 'அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு நூலகத்தில் அனுமதி இல்லை.' கீழே: தொகுப்பு, திருமேனி.

நினைவு வந்தது. பட்டமளிப்பு விழா வந்த வாரம். கவர்னர் வருகிறார் என்று ஒரு வாரத்துக்கு மட்டும் போட்ட தடை.

விழா முடிந்தது. தடையும் முடிந்தது. முடிந்துவிட்டது என்று அடுத்த மாதம் அவர் எழுதவில்லை. அப்போது அது ஒரு செய்தியாகவே அவருக்குத் தோன்றவில்லை.

"எட்டு வருஷமா எத்தன பேரத் திருப்பி அனுப்பியிருப்பீங்க, சூசை?"

"யாரு சார் எண்ணினா."

*

திருமேனி உள்ளே போய் நூலக விதிகளை எடுத்தார். பதினான்காவது விதி. வெளியார் எவரும் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திட்டு, உள்ளே அமர்ந்து படிக்கலாம்.

பதிவேட்டைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். செண்பகவல்லி கையெழுத்துப் போட்டாள். செருப்பைக் கழற்றப் போனாள்.

"போட்டுக்கிட்டே வாங்கம்மா."

ஆய்வேட்டைத் தேட அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு எண் கொடுத்து அலமாரியில் சேர்த்தவரே அவர்தான். எடுத்து அவள் முன் வைத்தார்.

அவள் திறந்தாள். ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொரு பக்கம். மூடினாள்.

"இங்கிலீசுல இருக்கு ஐயா."

திருமேனி தன் மேசையைத் திரும்பிப் பார்த்தார். எண் போடாத புத்தகங்கள் இரண்டு அடுக்கு காத்திருந்தன. மாத முடிவுக்குள் முடிக்க வேண்டியவை.

நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

அவருக்கும் அந்த விஷயம் புதிது. தெரியாத சொல்லுக்கு அகராதி பார்த்தார். அகராதியிலும் இல்லாதபோது தாவரவியல் துறைக்கு இரண்டு முறை நடந்து போய்க் கேட்டுவந்தார். பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னார். சாப்பாட்டு நேரம் போனது. அவள் ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் அவரை நிறுத்தினாள்.

"இது நான் சொன்னது. மழைக்கு மறுநாள் தண்ணி பாய்ச்சினா வாடல் கூடும்னு நான்தான் அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன்."

மேலே படித்தார். நோய் மண்ணில் இருக்கிறது. ஒரு பாத்தியில் பாய்ந்த தண்ணீரோடு அடுத்த பாத்திக்குப் போகிறது. ஒவ்வொரு பாத்திக்கும் தனி வாய்க்கால் வெட்டிய இடத்தில் கொடி தப்பியிருக்கிறது.

செண்பகவல்லி எழுதுவதை நிறுத்தினாள்.

"போன தடவ வந்தப்ப தெக்குப் பக்கம் பாதிதான் ஐயா போயிருந்துச்சு."

திருமேனி தலை குனிந்தார்.

அவள் நோட்டைப் பையில் வைத்தாள். சேலையைச் செருகிக்கொண்டாள்.

"வடக்குப் பக்கம் இன்னும் நிக்கிது. நாளைக்கே மம்பட்டியப் போட்டு வாய்க்கால் வெட்டிடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

*

மாலை ஐந்து மணிக்குத் திருமேனி நூலகரின் அறைக்குப் போனார். புதிதாக எழுதிய தாளை மேசைமேல் வைத்தார்.

ரஹ்மத் நிஷா படித்தார். கொடிக்கால், மூன்று பயணம், கூண்டில் ஒட்டிய தாள் எல்லாம் அதில் இருந்தன. எட்டு வருடத் தவறு தன்னுடையது என்றும் திருமேனி எழுதியிருந்தார்.

நூலகர் படித்து முடித்துத் தாளைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு இது தெரியுமா மேடம்? அதான் என்னைய வாசலுக்கு அனுப்பினீங்களா?"

"தெரியாது. காரைப் பின்னாடி நிறுத்திட்டு ரெண்டு வருஷமா பின்வாசல் வழியாத்தான் வர்றேன்."

சிவப்புப் பேனாவை எடுத்தார்.

கொடிக்காலை அடித்தார். மூன்று பயணத்தையும் கூண்டில் ஒட்டிய தாளையும் அடித்தார்.

"அத மட்டும் விடுங்க மேடம். தப்பு என்னோடதுன்னு நாலு பேருக்குத் தெரியணும்."

அதையும் அடித்தார்.

"அத நீங்க சூசைகிட்டச் சொல்லுங்க."

மூன்று வரி மிஞ்சியது.

'நூலகத்துக்கு யாரும் வரலாம். பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்து படிக்கலாம். தமிழில் சொல்ல ஆள் உண்டு.'

"தமிழில் சொல்ல ஆள் யாரு?"

"நான்தான் மேடம். புதன்கிழமை தோறும். பட்டியல் வேலைய மத்த நாள்ல முடிச்சிடுறேன்."

ரஹ்மத் நிஷா கையெழுத்துப் போட்டார். முதல் முறையாக.

திருமேனி தாளை எடுத்துக்கொண்டு கதவுவரை போனார். திரும்பி வந்தார்.

"மேடம், மடல் எப்பவும் நூலகத்துக்குள்ள இருக்கிற பலகையிலதான் ஒட்டுறோம். உள்ள வர முடியாதவங்க இத எப்படிப் படிப்பாங்க?"

ரஹ்மத் நிஷா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அந்தத் தாளோட வாங்க. வேம்பனேரிப் பக்கம் போற அடுத்த பஸ் எத்தன மணிக்கு?"