கரடி டாக்டர் போட்ட படம்

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை! பொய்யென்றால் என் மீசையில் பாதியை மழித்துவிடுங்கள்!

தாழைக்குளத்தங்கரையில் கரடி டாக்டர் சடையப்பன் வைத்தியம் பார்த்துவந்தார். நாடி பிடிப்பதைவிட அவர் கைப்பேசியைப் பிடிப்பதுதான் அதிகம். சுற்றியுள்ள எட்டுக் காடுகளின் வைத்தியர்களும் கூடியிருந்த வாட்ஸப் குழுவுக்கு அவர்தான் அட்மின்.

ஒருநாள் காலையில் யானை அங்காயி தள்ளாடி வந்தாள்.

"டாக்டரே, தும்பிக்கைக்குள்ள என்னமோ அடைக்குது. மூச்சு விட முடியல. ரெண்டு நாளா சொட்டுத் தண்ணி இறங்கல!"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அதை ஒப்புக்கொள்ளவா முடியும்? ஸ்டெதஸ்கோப்பை மாலைபோல் சாத்திக்கொண்டார். யானையை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டுத் தன்னைப் படம் பிடித்தார். "அபூர்வ நோய்! கண்டுபிடிப்பவர் யார், பார்ப்போம்!" என்று எழுதிக் குழுவில் போட்டார்.

பதில்கள் கொட்டின.

"அருமை சார்!" என்றது எலும்பு டாக்டர் கொக்கு.

"ரோமம் இப்படிப் பளபளக்குதே, என்ன எண்ணெய்?" என்று கேட்டது தோல் டாக்டர் மயில்.

"பிறந்தநாள் வாழ்த்துகள்!" என்றது ஆந்தை. படித்துப் பார்க்கிற வழக்கமே அதற்குக் கிடையாது. உடனே இன்னும் பதினாறு பேர் வாழ்த்தினார்கள்.

சடையப்பன் நெளிந்து நெளிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அங்காயியின் கால்கள் மடங்கின.

"டாக்டரே, நான் போய்ச் சேர்ந்த பிறகாவது திரும்பிப் பார்ப்பீங்களா?"

அப்போது பக்கத்துக் காட்டுக் கம்பவுண்டர் கீரியிடமிருந்து ஒரு பதில் வந்தது. "ஐயா, படத்துல முக்கால்வாசி உங்க மூஞ்சி. மீதி உங்க தொப்பை. நோயாளி எங்கே?"

"இந்தக் கம்பவுண்டர் பயலைக் குழுவை விட்டே தூக்கறேன்!" என்று உறுமினார் டாக்டர். பின்னால் தொம்மென்று சத்தம். அங்காயி விழுந்துவிட்டாள்!

டாக்டர் பதறிப்போய் அவளிடம் ஓடினார். தும்பிக்கைத் துளைக்குள் வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக எழுதினார்: "எனக்குத் தெரியவில்லை. காப்பாற்றுங்கள்."

வாழ்த்துகள் நின்றன.

"இடது துளையில கறுப்பா நெளியுதே, அட்டை!" என்றது கொக்கு.

"குளத்துத் தண்ணியோட ஏறியிருக்கும். எங்க காட்டு எருமைக்கும் இதேதான். உப்புத் தண்ணி விடுங்க!" என்றது கீரி.

விட்டார். அங்காயி தும்மினாள். அட்டை பறந்து வந்து டாக்டரின் மூக்கிலேயே ஒட்டிக்கொண்டது!

"இதைப் படம் எடுங்க டாக்டரே," என்றாள் அங்காயி, மூச்சு வாங்கிக்கொண்டே. "இப்ப உங்க மூஞ்சி தெரிஞ்சா தப்பில்ல!"

பெருமையைக் காட்டினால் கைத்தட்டல்தான் கிடைக்கும். தெரியாது என்று வாய்விட்டுக் கேட்டால்தான் உயிர் பிழைக்கும்.

நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கரடிதான் இன்னமும் அட்மின்; என் மூட்டுவலிக்கு அவரை விட்டால் வேறு டாக்டரும் இல்லை!