குத்தகைக்காரர் கூப்பிட்ட மீன்

அந்தச் சித்திரையில் அணைத் தண்ணீர் நடுப்பள்ளத்துக்குள் சுருங்கிக் கிடந்தது. மீன் குத்தகை எடுத்திருந்த சென்னியப்பன் உச்சிவேளையில் விருந்தாளிகளோடு ஜீப்பில் வந்தார். ஏசிக் குளிரில் உட்கார்ந்தபடியே பரிசல்காரி பாவாயியை அதட்டினார்.

"இப்பவே பெரிய கட்லா வேணும். இல்லேன்னா உன் பரிசலை உடைச்சு அடுப்புல வெச்சிருவேன்."

"இந்த வெயில்ல மீன் மேல வராதுங்க. பொழுது சாயட்டுங்க."

"என் அணை, என் மீன். நான் கூப்பிட்டா வரணும்!"

"அப்ப நீங்களே வந்து கூப்பிடுங்க. உங்க மீனு உங்க கொரலுக்குத்தானே வரும்? நான் வலையோட நிக்கறேன்."

விருந்தாளிகள் பார்க்கிறார்களே, மானம் என்னாவது? சென்னியப்பன் வீறாப்பாக இறங்கினார். சேறு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. வெறுங்காலோடு பாறையில் ஏறியவர், "ஐயோ, பொசுக்குதே!" என்று அலறி ஜீப்புக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாவாயி கண்ணாடியைத் தட்டினாள். "வெளிய வாங்க. கூப்பிட வேண்டாமா?"

"இந்த வெயில்ல எவன்டி வெளிய வருவான்?"

விருந்தாளிகள் குபீரென்று சிரித்துவிட்டார்கள்.

"மீனும் அதையேதாங்க சொல்லுது!" என்ற பாவாயி, பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு அதன் நிழலிலேயே வீட்டுக்கு நடந்தாள்.