தடியின் இரண்டு முனை

சாமியைப் பார்க்க மலையேறியே தீருவேன் என்று மாராத்தாள் சொன்னபோது மகன் சிகாமணி சிரித்தான். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

"மலைக்கா? நீங்க ரெண்டு பேருமா?"

"ஏன், மலை உன்னைய மட்டுந்தான் வரச் சொல்லுச்சா?"

விஷயம் இதுதான். போன மாசம் அவள் வீட்டுக்காரர் சென்னியப்பன் குளிக்கிற அறையில் வழுக்கி விழுந்தார். தூக்கப் போனவளும் அவர் மேலேயே விழுந்தாள். பால்காரர் வந்து தூக்கும்வரை இரண்டு பேரும் ஈரத்தில் கிடந்தார்கள். அன்றிலிருந்து சிகாமணிக்கு ஒரே பேச்சு.

"விழுந்தா தாங்க ஆளு வேணும். வயசானவங்கள வயசானவங்க தாங்க முடியாதும்மா."

வீட்டை விற்றுவிடுவது. அப்பா திருப்பூரில் அவனோடு. அம்மா ஓசூரில் மகளோடு. அண்ணனும் தங்கையும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். பாசம் இல்லாமல் இல்லை. பாசத்தோடுதான் ஆளுக்கொருவராகப் பங்கு போட்டார்கள். அதனால்தான் மாராத்தாளுக்கு வயிறெரிந்தது.

அவளுக்கும் வீட்டுக்காரருக்கும் சிகாமணிக்கும் குரு ஒரே சாமிதான். சாமி சொன்னால் கேட்டுக்கொள்வது என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் சாமி தூணிமலை உச்சியில் இருந்தார், இறங்க இன்னும் ஒரு மாசமாகும். வீட்டை வாங்குகிறவரோ வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

"ஏறுனதே தெரியாதுக்கா, அத்தனை லேசு" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியனுப்பினாள். அவள் ஏறியது கல்யாணமான புதுசில். இந்த வருஷ மழை பாதிப் படியை அடித்துக்கொண்டு போயிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

அடிவாரத்தில் மூங்கில் தடி விற்றார்கள். தூணிமலையில் ஒரு வழக்கம். புருஷனும் பெண்டாட்டியும் ஏறினால் ஒரே நீளத் தடி. முன் முனையை அவர் பிடிக்க வேண்டும், பின் முனையை அவள். உச்சிவரை இருவரும் கைவிடக் கூடாது.

தடிக்காரர் இவர்களைப் பார்த்துச் சிரித்தார். "அது புதுப் பொண்ணு மாப்பிள்ளைக்குங்க. நீங்க ஆளுக்கொரு குட்டைத் தடி வாங்கிக்கங்க."

"நீளத் தடியே குடுங்க" என்றாள் மாராத்தாள்.

"அம்மா, ஒருத்தர் சறுக்குனா இன்னொருத்தரையும் இழுத்துட்டுப் போயிரும்" என்றான் சிகாமணி.

"இழுத்தா போறோம்."

அவன் தலையிலடித்துக்கொண்டு முன்னால் போனான். புது ஷூ, விறுவிறு நடை. கொஞ்ச நேரத்தில் ஆளையே காணோம்.

"போறான் பாருங்க, முன்னாடியே போயிச் சாமிகிட்டக் கோள்மூட்ட."

"மூச்ச வீணாக்காம நட புள்ள" என்றார் சென்னியப்பன்.

படி முடிந்தது. பாறை வந்தது. பாறைமேல் தண்ணீர் ஓடியது. நடுப்பாறையில் மாராத்தாளுக்குக் கால் வழுக்கியது. ஐயோ என்று கத்தக்கூட நேரமில்லை. ஆனால் தடி வெடுக்கென்று நின்றது. அவளும் நின்றாள்.

மேலே பார்த்தால், சென்னியப்பன் ஓடுகிற தண்ணீரில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"தாங்கிட்டீங்களா?"

"நான் எங்கிட்டுத் தாங்கறது? பொத்துனு உக்காந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாறையைத் தாண்டியதும், "இனி நான் முன்னால வர்றேன்" என்றாள்.

"ஊரு சிரிக்கும்."

"ஊரு எங்க இருக்குது இங்க? கொரங்குதான் இருக்குது."

இடம் மாறிக்கொண்டார்கள். அடுத்த செங்குத்தில் அவருக்கு முழங்கால் மடங்கியது. அவள் யோசிக்கவே இல்லை, தடியைக் கட்டிப்பிடித்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் எழவில்லை. மரத்தடியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"போதும் புள்ள. அவன் சொல்றதுதான் சரி. நான் அவங்கூடப் போயர்றேன். நீ மககிட்டப் போ."

மாராத்தாளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"உங்க கொறட்டை இல்லாம எனக்குத் தூக்கம் வருமா? உங்களுக்குச் சக்கரை போடாத காப்பி எவ வெச்சுக் குடுப்பா, நீங்க ஒளிச்சு வெக்கற சக்கரைய எவ கண்டுபிடிப்பா? தடிய விடறதுன்னா விடுங்க. ரெண்டு முனையையும் நானே புடிச்சுக்கிட்டு ஏறுவேன். ஏறிப் போயி, எம்புருசன் பாதியில விட்டுட்டாருன்னு சாமிகிட்டச் சொல்லுவேன்."

"சொல்லுவியா?"

"சத்தமாச் சொல்லுவேன்."

அவர் முனகிக்கொண்டே எழுந்தார். தடியை விட்டிருக்கவே இல்லை.

உச்சிக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சாமி குடிசை வாசலில் கூழ்ப்பானையைக் கிண்டிக்கொண்டிருந்தார். சிகாமணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மாராத்தாளின் கண் நேராக அவன் முழங்கைக்குப் போனது. சட்டையில் ரத்தம் உறைந்திருந்தது.

"என்றா கையில?"

"ஒண்ணுமில்ல. பாறையில வழுக்கிருச்சு, உருண்டுட்டேன். விடும்மா."

அவள் பதறிப்போய் முந்தானையை நனைத்துத் துடைக்க வந்தாள். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"பாருங்க சாமி, காலைல கெளம்புனவங்க, இப்பத்தான் வர்றாங்க. நிக்கக்கூட முடியல. நீங்களே கேளுங்க. ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தரால தாங்க முடியுமான்னு கேளுங்க."

சாமி கரண்டியை வைத்தார். வேட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். சேலையின் பின்பக்கத்தைப் பார்த்தார். இரண்டிலும் அப்பிய சேறு.

"ஏனாத்தா, நீ சறுக்குனப்ப இவரு தாங்குனாரா?"

மாராத்தாள் தடியை இறுக்கிக்கொண்டாள். பொய் சொல்லலாம்தான். சாமியிடம் எப்படிச் சொல்வது?

"இல்லீங்க சாமி. இந்த ஒடம்பு எங்கிருந்து தாங்கும்? அவரும் உக்காந்துட்டாரு."

"இவரு சறுக்குனப்ப நீ தாங்குனியா?"

"நானுந் தாங்கலீங்க. உக்காந்துட்டேன். மறுக்கா விழுந்தாலும் உக்காருவேன். ஆயிரந்தடவ உக்காருவேன். அதுக்காக இவர விட்டுட்டு ஓசூருக்குப் போக மாட்டேனுங்க."

"கேட்டீங்களா சாமி?" என்றான் சிகாமணி. "அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க, தாங்க முடியாதுன்னு."

சாமி இரண்டு கொட்டாங்குச்சியில் கூழை ஊற்றி இருவருக்கும் கொடுத்தார். மூன்றாவதை ஊற்றி அவனிடம் நீட்டினார். காயம்பட்ட கையை நீட்டி அவன் வாங்கிக்கொண்டான்.

"ஏஞ் சிகாமணி, நீ விழுந்தப்ப யாரு உக்காந்தாங்க?"