இரண்டு அரளிப் பொட்டலங்கள்

தீர்ப்புச் சொல்லத் துடிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதையில் தப்புச் செய்யாதவர் எவரும் இல்லை.

பல்லடம் பக்கத்தில் நாச்சிமுத்து என்பவன் விசைத்தறி ஓட்டிவந்தான். கைசுத்தம், வேலைசுத்தம், வாய்தான் சுத்தமில்லை. சாயங்காலமானால் கால் தானாகச் சாராயக் கடைக்குப் போய்விடும். இனிக் குடிக்கமாட்டேன் என்று மாகாளியம்மன் கோவிலில் சத்தியம் செய்து, இரண்டு தடவை மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டான். இரண்டு தடவையும் மீறினான். இரண்டாம் தடவை கயிற்றைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டுக் குடித்தான். ஆத்தாளுக்குத் தெரியாது என்ற நினைப்பு போலும். போதை தெளிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு கோவில் வீதியில் நடப்பதையே விட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு தறிக்குப் போனான். ஆத்தாள் கைவிட்டுவிட்டாள் என்று தானே முடிவுகட்டி, அந்தத் துக்கத்துக்கும் சேர்த்துக் குடித்தான்.

அவன் மனைவி துளசிமணி குடியை வெறுத்தாள். அவனை வெறுக்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவனைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே கோவிலுக்குப் போனாள்.

பூசாரி ஆறுச்சாமி தலையைச் சொறிந்தார். “மீறுனவனுக்கு நானாக் கயித்தக் கட்டியுட முடியாது அம்மணி. பூக்கேட்டுப் பாக்கலாம்.”

பூக்கேட்பது அந்தக் கோவில் வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம் என்று இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். எடுத்ததில் வெள்ளை வந்தால் ஆத்தாள் சம்மதித்தாள். சிவப்பு வந்தால் மறுத்தாள். மற்றதைப் பிரிக்காமல் வேப்பமரத்தடியில் போட்டுவிட வேண்டும்.

துளசிமணி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. நாச்சிமுத்து அங்கேயே உட்கார்ந்து அழுதான். கையில் கயிறு ஏறியது.

மற்ற பொட்டலத்தைப் போடப் போனவளுக்கு, எதிலிருந்து தப்பினோம் என்று பார்த்துவிட ஆசை வந்தது. பிரித்தாள். அதிலும் வெள்ளை.

புருஷனை முன்னால் அனுப்பிவிட்டுப் பூசாரியிடம் வந்து நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “சிவப்பு வந்துட்டா அவன் என்ன ஆவான்னு நெனச்சன். மனசு கேக்குல அம்மணி. வெளிய சொல்லீராத.”

அவள் சொல்லவில்லை. நாச்சிமுத்து நேரத்தோடு வீடு வந்தான், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டான். பார்த்தவர்கள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள். துளசிமணி மட்டும் விளக்கேற்றும்போதெல்லாம், திருட்டு நகையை வீட்டில் வைத்திருப்பவளைப் போலக் கூசினாள். மன்னித்தது ஒரு மனுஷன்தான், ஆத்தாள் இல்லை என்ற எண்ணம் அவளை அரித்தது. நிஜமாகக் கேட்டிருந்தால் சிவப்புதான் வந்திருக்கும் என்று அவளுக்கு நிச்சயம்.

மாசியில் தறி முதலாளி வீட்டுக் கல்யாணம். நாச்சிமுத்து குடித்துவிட்டு வந்தான். இந்தத் தடவை கயிற்றை ஒளிக்கவில்லை. மறுநாள் காலையில் அதை அவிழ்த்துச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஆத்தா ஒருக்கா வெள்ளப்பூக் குடுத்தா. இன்னொருக்காவும் குடுப்பா.”

அடக்கிவைத்ததெல்லாம் துளசிமணியின் வாய்க்கு வந்துவிட்டது. “ஆத்தா எங்கீங்க குடுத்தா? ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் இருந்துச்சு. பூசாரி பண்ணுன வேல அது.”

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருந்த ஒரே பிடிப்பையும் பிடுங்கிவிட்டோம், இனிக் கடையே கதியென்று கிடப்பான் என்று தோன்றியது. அவன் தலையை நிமிர்த்தினான். பிறகு மெதுவாகச் சொன்னான். “அப்ப ஆத்தா இன்னும் வேண்டாம்னு சொல்லுல.”

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். துளசிமணி பயந்துகொண்டே பின்னால் ஓடினாள். முச்சந்தியில் இடது பக்கம் கடை, வலது பக்கம் கோவில் வீதி. அவன் வலது பக்கம் திரும்பினான்.

ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று நிஜமாகவே வைத்து மடிக்கச் சொன்னான். பூசாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. மடித்து அம்மன் காலடியில் வைத்தார். துளசிமணி பார்க்கமாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டாள். நாச்சிமுத்து பொட்டலத்தைத் தொடவில்லை. பூசாரியிடம் மணிக்கட்டை நீட்டினான்.

“மொதல்ல கயித்தக் கட்டியுடுங்க. பூவ அப்பறம் எடுக்கறன்.”

“சிவப்பு வந்துட்டா?”

“நாளைக்கும் வந்து கேக்கறனுங்க.”

இப்போது சொல்லுங்கள். இரக்கப்பட்டு ஏமாற்றிய பூசாரி, தெரிந்தும் மறைத்துப் பின்பு கோபத்தில் கொட்டிய துளசிமணி, பூவுக்கு முன்னால் கையை நீட்டிய நாச்சிமுத்து: இந்த மூவரில் ஆத்தாளை உண்மையாக நம்பியது யார்?

விடை: நாச்சிமுத்துதான். பூசாரி நல்லவர், ஆனால் ஆத்தாளைவிடத் தனக்கு இரக்கம் அதிகம் என்று நினைத்துவிட்டார். துளசிமணி பட்ட பாட்டுக்கு அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கேட்காத கேள்விக்குச் சிவப்பு என்று அவளே பதில் வைத்திருந்தாள். மீறியவன் மட்டுமே இன்னும் கேட்கலாம் என்று நம்பினான். வெட்கம் கெட்டவன் என்று சிலர் சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். அன்று எந்தப் பூ வந்தது என்றும் கேட்பீர்கள். கடைக்குப் போகவேண்டிய அவன் கால்களை முச்சந்தியில் கோவில் பக்கம் திருப்பிவிட்ட ஆத்தாள், தன் சம்மதத்தைப் பூவிலும் ஒருமுறை சொல்ல வேண்டுமா?