சாய்ந்த சுவரும் சொன்ன தேதியும்

நாகர்கோவிலில் ஒரு தையற்காரியின் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்தது. அந்தச் சுவரைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருத்திக்கு அதில் பங்கு உண்டா என்பதுதான் சிக்கல். முழுவதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

அவள் பெயர் புனிதவதி. மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளுடைய அப்பா ஆறுமுகப்பெருமாள் பஸ் டிரைவராக இருந்தவர். பக்கவாதம் வந்து கால்கள் விழுந்துவிட, மதுரையில் இளைய மகளின் மாடி வீட்டில் சக்கர நாற்காலியில் இருந்தார். லிஃப்ட் கிடையாது. கீழே போக வேண்டுமானால் ஆட்கள் நாற்காலியோடு தூக்க வேண்டும். ஒருமுறை தூக்கியபோது அவர் வேட்டி அவிழ்ந்து, படிக்கட்டில் நின்றவர்கள் எல்லாம் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் வெளியே போவதில்லை.

"நம்ம வீட்டுக்குள்ள நானே உருட்டிக்கிட்டு ஏறுற மாதிரி இருந்தாக் கூப்பிடு மக்கா. இல்லேன்னா இங்கேயே கிடக்கேன்" என்றார்.

அதற்காகத்தான் நாகர்கோவிலில் இருந்த சொந்த வீட்டில் வேலை தொடங்கியது. வாசற்படிகளை எடுத்துவிட்டுச் சாய்தளம் போட வேண்டும். குளியலறை வாசலை அகலப்படுத்த வேண்டும். கான்ட்ராக்டர் ஞானசிகாமணி கைச்சுத்தமான வேலைக்காரர். நாள் விஷயத்தில் மட்டும் அவர் வாய் சுத்தமில்லை. முதலில் மணல் கிடைக்கவில்லை என்றார். பிறகு மாமா செத்துப்போனார் என்றார். அந்த மாமா டீக்கடையில் ரசவடை தின்றுகொண்டிருந்ததை, வீட்டுச் சாவியை வைத்திருந்த புனிதவதியின் அத்தை மகன் தாணுலிங்கம் நேரிலேயே பார்த்தார்.

கடல் தாண்டி இருப்பவளுக்கு வேறென்ன வழி? அவளும் ஒரு பொய்யைக் கையில் எடுத்தாள். அப்பா வரப்போவது பொங்கல் கழித்து. ஞானசிகாமணியிடமோ, தீபாவளிக்கு முந்தின புதன்கிழமை என்று சொன்னாள்.

"அத்தான், உண்மைத் தேதி நம்ம ரெண்டு பேரோட இருக்கணும்."

"என் வாயிலருந்து வராது புனிதா" என்றார் தாணுலிங்கம்.

பொய் வேலை செய்தது. "அப்பாவை வாசல்ல நிறுத்த மாட்டேன் தங்கச்சி" என்று ஞானசிகாமணி ஆட்களோடு வந்து இறங்கினார்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. அடுத்த தெருவில் தனியாக இருந்த தையற்காரி செண்பகவல்லி, சைக்கிளில் போன ஞானசிகாமணியை மறித்துத் தன் வீட்டுச் சுவரைக் காட்டினாள். கூடவே வந்த தாணுலிங்கமும் பார்த்தார். சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. பிரித்துக் கட்டினால்தான் ஆகும். அதற்கு எல்லா ஆட்களும் வேண்டும். ஞானசிகாமணி அங்கே நின்றபடியே மஸ்கட்டுக்கு போன் போட்டார்.

"தங்கச்சி, ஒரு வீட்ல சுவர் சாயுது. ஆட்களை அங்க மாத்தினா உங்க வேலை புதன்கிழமைக்கு முடியாது. என்ன செய்யட்டும்?"

புனிதவதி நம்பவில்லை. "மணல் முடிஞ்சுது, மாமா முடிஞ்சுது, இப்போ சுவரா அண்ணாச்சி? எங்க அப்பா புதன்கிழமை வாறாங்க. அவங்களைத் தூக்கிட்டுப் போக ஆள் தேட வைக்காதீங்க."

அவர் மறு பேச்சுப் பேசவில்லை. பக்கத்தில் நின்ற தாணுலிங்கமும் பேசவில்லை. ஞானசிகாமணி சவுக்குக் கம்புகளை முட்டுக்கொடுத்துவிட்டு, "இந்த அறைப் பக்கமே இருக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். செண்பகவல்லி படுக்கையை மாற்றிக்கொண்டாள். ஆனால் வெளிச்சம் அந்தச் சன்னல் பக்கம்தான் வரும். தீபாவளித் துணிகள் குவிந்து கிடந்தன. மெஷினை அவள் நகர்த்தவில்லை.

தாணுலிங்கம் வீட்டுக்குப் போய் போனை எடுத்தார். சுவர் நிஜம்தான் என்று சொன்னால், தன்னை நம்பி ஒப்படைத்த வேலை தன்னாலேயே நின்றுபோகும். கொடுத்த வாக்கும் இருக்கிறது. போனைத் திரும்ப வைத்துவிட்டார்.

சாய்தளம் செவ்வாய்க்கிழமை முடிந்தது. குளியலறைக் கதவு மட்டும் பாக்கி. ஞானசிகாமணி அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் புனிதவதிக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மனிதர் சொன்ன நாளில் ஒரு வேலையை முடித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை சுவர் விழுந்தது. செண்பகவல்லியின் உயிர் தப்பியது. துணி வெட்டும் வலது கை ஒடிந்தது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ஈரச் சட்டையோடு ஞானசிகாமணி புனிதவதியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். வீடு பூட்டிக் கிடந்தது. பொழுது சாயும்வரை ஒரு காரும் வரவில்லை. அப்புறம்தான் போன் செய்து, நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, அப்பா எப்போ வாறாங்க?"



கேட்பவர்களே, ஞானசிகாமணி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தாணுலிங்கம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். புனிதவதி தன் அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற நினைத்தாள். செண்பகவல்லியின் கைக்கு இந்த மூவரில் யார் பதில் சொல்ல வேண்டும்?

விடை: தாணுலிங்கம். புனிதவதிக்குத் தேதி தெரியும், சுவர் நிஜமென்று தெரியாது. ஞானசிகாமணிக்குச் சுவர் தெரியும், தேதி பொய்யென்று தெரியாது. இரண்டும் தெரிந்தவர் ஒருவர்தான். வேலையை விரட்டுவதற்காகக் கேட்ட வாக்கு, ஒருத்தியின் தலைக்கு மேல் சுவர் சாயும்போது செல்லாது. மற்ற இருவரும் ஒருவரிடம் ஒருவர் பொய் சொன்னதால், நிஜச் சுவர் பொய்யாகவும் பொய்த் தேதி நிஜமாகவும் தெரிந்தன. அது குற்றம்தான், ஆனால் அன்றைக்கு அதைத் திருத்த அவர்களிடம் வழி இல்லை. புனிதவதி மட்டும் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. "அவரை வாய் மூடச் சொன்னது நான்தானே" என்றாள். மழை விட்டதும் தன் வீட்டில் மீதி இருந்த வேலையை நிறுத்தி, ஆட்களை அடுத்த தெருவுக்குச் சுவர் கட்ட அனுப்பச் சொன்னாள். பொங்கல் கழிந்து ஆறுமுகப்பெருமாள் தானே உருட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஏறியபோது, குளியலறைக்குக் கதவு இல்லை. ஒரு பழைய சேலைதான் தொங்கியது. அவர் காரணம் கேட்டார். மகள் எல்லாவற்றையும் சொன்னாள்.


"சேலையே போதும் மக்கா" என்றார்.